ஓட வேண்டிய இடத்தில் நடந்தவர்

1969 ஜூன் 14, சனிக்கிழமை, பிற்பகல் 2 மணி. பிரான்ஸின் லே மான் நகரம். வழக்கமாக மாலை 4 மணிக்குத் தொடங்கும் 24 மணி நேரக் கார் பந்தயம் அந்த வருஷம் இரண்டு மணி நேரம் முன்னதாகவே தொடங்குகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று, ஜனங்கள் வீடு திரும்பி ஓட்டுப் போட வேண்டும். பிட் சுவரை ஒட்டி 45 கார்கள் சாய்வாக மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. சாலைக்கு எதிர்ப்புறம் ஒவ்வொரு காருக்கும் நேராக ஓர் ஓட்டுநர் நிற்கிறார். கொடி இறங்குகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள்.

ஒருவர் மட்டும் நடக்கிறார்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜாக்கி இக்ஸ். வயது 24. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற மாதிரி சாலையைக் கடக்கிறார். சுற்றிலும் இன்ஜின்கள் உறும ஆரம்பித்துவிட்டன. வெளிர்நீலமும் ஆரஞ்சும் பூசிய தன் ஃபோர்ட் ஜிடி40-இன் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை நிதானமாக ஒவ்வொரு கொக்கியாக மாட்டுகிறார். அவர் கிளம்பும்போது மற்ற எல்லோரும் போயாகிவிட்டது. கடைசி ஆளாகப் போகிறார்.

அந்த முதல் சுற்று முடிவதற்குள், மேசோன் பிளான்ஷ் என்ற வளைவுப் பகுதியில் ஜான் வுல்ஃப் என்ற ஆங்கிலேயரின் போர்ஷே 917 கட்டுப்பாட்டை இழந்து மோதியது. அவர் பெல்ட் மாட்டியிருக்கவில்லை. காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். 24 மணி நேரம் கழித்து, மறுநாள் பிற்பகல், கடைசியாகக் கிளம்பிய இக்ஸ் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ஹான்ஸ் ஹெர்மானின் போர்ஷேவுக்கும் அவருக்கும் இடைவெளி சுமார் 120 மீட்டர். இருவரும் ஓட்டிய தூரம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர்.

சினிமாவில் இப்படி ஒரு திரைக்கதை எழுதினால் "ரொம்ப செயற்கையா இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் நடந்தது. மோட்டார் பந்தயத்தைப் பற்றிப் பேசும் யாரும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அஜித் 2025 ஜனவரியில் துபாயின் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கிய பிறகு, "அது என்ன பாஸ், 24 மணி நேரம்?" என்று கேட்ட நண்பர்கள் பலருக்கு நானும் இதைத்தான் முதலில் சொன்னேன். சொல்லச் சொல்ல, கதை இவ்வளவு நன்றாக இருப்பதே கொஞ்சம் நெருடலாக ஆகிவிட்டது. அந்த நெருடலைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

*

முதலில் அந்த ஓட்டம் எதற்கு?

லே மான் பந்தயம் 1923 மே மாதம் தொடங்கியது. அன்றைக்கு அது வேகத்துக்கான போட்டியைவிட, கார் என்ற பொருளுக்கு வைத்த பரீட்சை. ராத்திரி முழுக்க விளக்கு எரியுமா? மழையில் நனைந்தால் கிளம்புமா? ஒரு நாள் பூராவும் ஓட்டினால் எது கழன்று விழும்? அந்த முதல் பந்தயத்தில் முன்னணியில் வந்த ஷெனார் வால்க்கர் கார் 24 மணி நேரத்தில் 2,209 கிலோமீட்டர் ஓடியது, சராசரி மணிக்கு 92 கிலோமீட்டர். இன்றைக்கு நம் நான்குவழிச் சாலையில் வாடகைக் கார் போகிற வேகம். ஓட்டுநர் ஓடிவந்து ஏறுவது 1925-இல் சேர்ந்தது. ஒரு சாதாரண மனிதன் நின்றிருக்கும் காரை நோக்கி வந்து, ஏறி, கிளப்பி, போகிறான். கார் உடனே கிளம்புகிறதா என்பதும் பரீட்சையின் பகுதி. அந்தக் காலத்தில் நியாயமான கேள்விதான். கிளம்பாத கார்கள் நிறைய இருந்தன.

அதன் பிறகு காரணம் மெல்லக் காலாவதியானது. இன்ஜின் கிளம்புவது யாருக்கும் சந்தேகமில்லாத விஷயமாயிற்று. ஓட்டம் மட்டும் மிஞ்சியது. நன்றாக ஓடுகிறவர்களுக்கென்று தனிப் புகழ் வந்தது. ஸ்டிர்லிங் மாஸ் சாலையைக் கடப்பதில் கில்லாடி என்று பெயரெடுத்தார். போர்ஷே கார்களில் சாவித்துளை ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் இருப்பதற்கு அந்த நிறுவனம் சொல்லும் காரணமும் இதுதான்: இடக்கையால் சாவியைத் திருப்பிக்கொண்டே வலக்கையால் கியர் போட்டுவிடலாம், அரை நொடி மிச்சம். 1966-இல் ஃபோர்ட் நிறுவனம் தன் கார்களை ஒன்றாக எல்லைக்கோட்டைக் கடக்கவைக்க முயன்று குழப்பிய கதையை 'ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி' படத்தில் பார்த்திருப்பீர்கள். கென் மைல்ஸ் வெற்றியை இழந்ததும் இந்தப் புறப்பாட்டு வரிசையால்தான். புரூஸ் மெக்லாரனின் கார் வரிசையில் சில மீட்டர் பின்னால் நின்றிருந்தது. ஆகவே அது கூடுதலாக அத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள்.

ஆக, ஒரு சடங்கு தன் காரணத்தைத் தொலைத்த பிறகும் சாவித்துளை முதல் வெற்றியாளர் பெயர்வரை எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டு இருந்தது. என் தொழிலில் இதற்குப் பழைய கோடு என்று பெயர். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று தெரியாது. ஆனால் அதை நம்பி அதன்மேல் நாற்பது விஷயங்கள் நிற்கும். "தொடாதே" என்று ஒரு வரி கமென்ட் மட்டும் இருக்கும்.

1960-களின் நடுவில் இருக்கை பெல்ட் வந்தது. தோள், இடுப்பு, தொடை என்று பல பட்டைகள் கொண்டது. பக்கத்தில் ஒரு மெக்கானிக் நின்று இறுக்கினால்தான் சரியாக மாட்ட முடியும். அதை மாட்ட அரை நிமிஷத்துக்கும் மேலாகும். அந்த நேரத்துக்குள் மொத்தக் கூட்டமும் முன்னால் போய்விடும். எனவே ஓட்டுநர்கள் மாட்டாமலே கிளம்பினார்கள். முதல் சுற்றில், சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள முல்சான் நேர்ச்சாலையில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், முழங்காலால் ஸ்டீயரிங்கை அணைத்துக்கொண்டு கைகளால் கொக்கியைத் தேடினார்கள். சிலர் அடுத்த பிட் நிறுத்தம்வரை அப்படியே விட்டுவிட்டார்கள். 1968-இல் வில்லி மெரெஸ் என்ற பெல்ஜிய ஓட்டுநர் அவசரத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. முதல் சுற்றில் அந்த நேர்ச்சாலையில் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. விபத்தில் தலையில் அடிபட்டு நாட்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய பந்தய வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

அடுத்த வருஷம்தான் இக்ஸ் நடந்தார்.

*

தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் 'தி கிராஸ்ஹாப்பர்' என்றொரு புத்தகம் எழுதினார். விளையாட்டு என்றால் என்ன என்று அவர் கொடுக்கும் விளக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்றுக்கொண்டு தாண்ட முயல்வது. பந்தைக் குழிக்குள் போடுவதுதான் நோக்கம் என்றால் கையில் எடுத்துப் போய்ப் போட்டுவிடலாம். அதை ஒரு குச்சியால் தூரத்திலிருந்து அடிக்க வேண்டும் என்று நாமே நமக்குக் கஷ்டம் கொடுத்துக்கொண்டால் கோல்ஃப்.

இந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் லே மானில் இது ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. "ஓடி ஏறுவது அர்த்தமில்லாதது, எடுத்துவிடு" என்று சொன்னால், எதிராளி திருப்பிக் கேட்கலாம்: "24 மணி நேரம் ஒரே வட்டத்தைச் சுற்றி வருவது மட்டும் என்ன அர்த்தம்? கிளம்பிய இடத்துக்குத்தானே திரும்ப வருகிறாய்?" நியாயம். இங்கே எல்லாமே தேவையில்லாத தடைதான். ராத்திரி தேவையில்லை, மழை தேவையில்லை, மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கை வைத்து வளைவைக் கணக்கிடுவது தேவையே இல்லை. அதனால் "அர்த்தமில்லை" என்பது ஒரு மரபைக் கைவிடப் போதுமான காரணம் ஆகாது. மரபுகளுக்கு எதிராக நாம் அன்றாடம் வைக்கும் வாதங்களில் பாதி இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

அப்படியென்றால் இக்ஸ் எதை எதிர்த்தார்? ஆபத்தை என்று பலரும் சொல்வார்கள். அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. அதே காலகட்டத்தில் ஃபார்முலா ஒன்னில் ஜாக்கி ஸ்டூவர்ட் ஓட்டுநர்களைத் திரட்டிப் பாதுகாப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தார். தடுப்பு வேலி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டமாட்டோம். அந்தப் போராட்டத்திலிருந்து விலகி நின்ற ஒருசிலரில் இக்ஸ் முக்கியமானவர். மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும், பலரைக் கொன்ற நூர்பர்க்ரிங் தளத்தை நேசித்தவர். இதே 1969-இல் அங்கே ஜெர்மன் கிராண்ட் பிரீயை வென்றார். ஸ்டூவர்ட்டின் ஆட்கள் பார்வையில் இக்ஸ் ஒரு பழைமைவாதி. ஆபத்து இல்லாத பந்தயம் அவருக்குப் பந்தயமே இல்லை.

அதனால்தான் அவர் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபத்தை வெறுத்த ஒருவர் நடந்திருந்தால் அது வெளியிலிருந்து வந்த விமர்சனம். இவர் உள்ளே இருப்பவர். இவர் பிரித்துப் பார்த்தது வேறு ஒன்றை.

அது என்ன என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ராத்திரியில் ஓட்டுவது ஆபத்து. ஆனால் அந்த ஆபத்துக்குள் கவனமாக இருப்பவருக்குப் பலன் உண்டு. நன்றாக ஓட்டுகிறவர், காரைக் காப்பாற்றுகிறவர், எப்போது மெதுவாகப் போக வேண்டும் என்று தெரிந்தவர் ஜெயிக்கிறார். ஓடி ஏறும் விதியில் இது தலைகீழ். பெல்ட் மாட்டுகிறவர் பின்தங்குகிறார், மாட்டாதவர் முன்னால் போகிறார். கவனமாக இருப்பதற்கு அபராதம் போடும் விதி அது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டுநரும் புத்திசாலித்தனமாகத்தான் முடிவெடுக்கிறார்: மற்றவர்கள் மாட்டாதபோது நான் மாட்டினால் எனக்குத்தான் நஷ்டம். எல்லோரும் அப்படியே நினைப்பதால் யாரும் மாட்டுவதில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் ஆள் சாகிறார்.

இதை நம் வாழ்க்கையில் எங்கெல்லாம் பார்க்கிறோம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவனுக்குப் பதவி உயர்வு வராத அலுவலகம் என் நினைவுக்கு வருகிறது. விதிமுறை எதுவும் "வீட்டுக்குப் போகாதே" என்று சொல்லாது. லே மானிலும் "பெல்ட் மாட்டாதே" என்று எழுதி வைக்கவில்லை.

இந்த மாதிரி விதியிலிருந்து வெளியே வர இரண்டு வழிதான் நமக்குப் பொதுவாகத் தெரியும். ஒன்று, விளையாட மாட்டேன் என்று போய்விடுவது. இன்னொன்று, முணுமுணுத்துக்கொண்டே ஓடுவது. இக்ஸ் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். விளையாடுவேன், ஆனால் இந்த அபராதத்தை எல்லோர் கண்ணெதிரிலும் கட்டிவிட்டு விளையாடுவேன். அவர் அவசரமில்லாமல் நடந்ததில் ஒரு கணக்கு இருந்தது. மெதுவாக ஓடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

*

இந்த இடத்தில் 1955-க்குப் போக வேண்டியிருக்கிறது. லே மானின் மரபு என்று பேசிவிட்டு 1955-ஐத் தாண்டிப் போவது நேர்மை ஆகாது.

1955 ஜூன் 11, மாலை 6:26. பந்தயம் தொடங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. மைக் ஹாதார்ன் தன் ஜாகுவாரை பிட்டுக்குள் கொண்டுவருவதற்காக பிரேக் பிடித்தார். ஜாகுவாரில் டிஸ்க் பிரேக், சட்டென்று நிற்கும். பின்னால் வந்த லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின் ஹீலி மோதாமல் இருக்க இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கே பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் பெரும் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஹீலியின் சாய்ந்த பின்பக்கம் ஒரு சறுக்குப் பலகைபோல் ஆகிவிட, மெர்சிடிஸ் அதன்மேல் ஏறிப் பறந்து, பார்வையாளர் பக்கத்து மண்கரையில் மோதிச் சிதறியது. இன்ஜினும் முன் அச்சும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. உடற்பகுதி மக்னீசியக் கலவை. தீப்பிடித்து வெள்ளையாக எரிந்தது. லெவெக்கோடு சேர்த்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாஞ்சியோ, லெவெக் கடைசி நொடியில் கையைத் தூக்கித் தன்னை எச்சரித்ததாகப் பிற்பாடு சொன்னார்.

பந்தயம் நிற்கவில்லை. மறுநாள் மாலை 4 மணிவரை ஓடியது.

பந்தய இயக்குநர் ஷார்ல் ஃபாரு. 1923-இல் பந்தயத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நிறுத்தினால் லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள், சாலைகள் அடைத்துக்கொள்ளும், ஆம்புலன்ஸ்கள் போக முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். இது பொய்க் காரணம் இல்லை. திருவிழாக் கூட்டம் ஒன்று கலைவதைப் பார்த்த எவருக்கும் இது புரியும். முதல் சில மணி நேரத்துக்கு அந்த முடிவு உயிர்களைக் காப்பாற்றியிருக்கவே கூடும். ஆனால் ஆம்புலன்ஸ்கள் போய்ச் சேர 21 மணி நேரம் தேவையில்லை. நள்ளிரவில் நிறுத்தியிருக்கலாம். விடியற்காலையில் நிறுத்தியிருக்கலாம். ஆறரை மணிக்கு நியாயமாக இருந்த ஒரு காரணம், அது தேவைப்படாத நேரத்திலும் காவலுக்கு நின்றுகொண்டே இருந்தது. ஓடி ஏறும் சடங்குக்கு நடந்ததேதான் இங்கும். காரணம் போன பிறகும் செயல் நிற்பதில்லை.

நள்ளிரவு தாண்டி, முன்னணியில் இருந்தபோதே, மெர்சிடிஸ் தன் மற்ற இரண்டு கார்களையும் வெளியே எடுத்தது. ஜாகுவாரையும் கேட்டுப் பார்த்தார்கள். மறுத்துவிட்டார்கள். ஹாதார்ன் ஜெயித்தார்; ஷாம்பெயின் பாட்டிலோடு சிரிக்கும் அவர் புகைப்படம் பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்து பெரிய கசப்பை உண்டாக்கியது. மெர்சிடிஸ் அணியிலேயே இருந்த மாஸுக்கு விலகும் முடிவு பிடிக்கவில்லை. இறந்தவர்களுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம். ஆனால் துக்க வீட்டில் டிவியை அணைத்து வைப்பது இறந்தவருக்கு என்ன பயன் தருகிறது என்று நாம் கேட்பதில்லையே. உயிரோடு இருப்பவர்கள் நடந்ததை நடந்ததாக ஏற்றுக்கொள்ளும் விதம் அது.

அதிகாரப்பூர்வ விசாரணை எந்தத் தனிமனிதரையும் குற்றவாளி ஆக்கவில்லை. 1920-களின் வேகத்துக்கு அமைந்த ஒரு சாலையில் 1950-களின் கார்கள் ஓடின. பிட்டுக்கும் பந்தயச் சாலைக்கும் நடுவே தடுப்பு இல்லை. மறுபடி இங்கேயும் யாரும் கெட்டவர்கள் இல்லை. பிட் கட்டடங்களை இடித்துத் தள்ளிக் கட்டி, சாலையை அகலப்படுத்தினார்கள். சுவிட்சர்லாந்து வட்டப்பாதைப் பந்தயங்களையே தடைசெய்தது. ஆனால் ஓடி ஏறுவது மட்டும் அப்படியே இருந்தது. அதை யாரும் ஆபத்தாகப் பார்க்கவில்லை. அது அழகான பகுதி, புகைப்படக்காரர்களுக்குப் பிடித்த பகுதி.

1955-இல் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஜெயித்தவரும் இல்லை, விலகியவர்களில் புகழ்பெற்றவரும் இல்லை. ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கர். லெவெக்கோடு ஒரே காரைப் பகிர்ந்து ஓட்ட வேண்டியவர். தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது விபத்து நடந்தது. மெர்சிடிஸ் விலக வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். பிற்பாடு அவர் நெடுஞ்சாலைப் பாதுகாப்பில் இறங்கினார். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்தால், மோதும் கார் படிப்படியாக வேகம் இழந்து நிற்கும் என்று கண்டுபிடித்தார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கிளைச்சாலை பிரியும் இடங்களில் நிற்கும் மஞ்சள் பீப்பாய்கள் அவருடையவை. அங்கே வேலைக்குப் போன நம் நண்பர்கள் தினமும் அவற்றைக் கடந்துதான் போகிறார்கள். யாருக்கும் லே மான் நினைவுக்கு வராது. பந்தயத்தின் நூற்றாண்டு மலர் ஒன்றை நான் தொகுத்தால் முதல் பக்கத்தில் ஒரு மஞ்சள் பீப்பாயின் படத்தைப் போடுவேன். யாரும் வாங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

*

நூற்றாண்டு 2023-இல் வந்தது. நூறு வயது ஆனாலும் அது 91-ஆவது பந்தயம்தான். 1936-இல் வேலைநிறுத்தத்தாலும் 1940 முதல் 1948 வரை போரினாலும் அதன் விளைவுகளாலும் நடக்கவில்லை. விழா பிரமாதம். லெப்ரான் ஜேம்ஸ் கொடியசைத்தார். முதல் தரப் பிரிவுக்கு அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பிய ஃபெராரி ஜெயித்தது. நான் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்தேன், வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். இந்தப் பந்தயத்தின் சடங்குகள் எனக்குப் பிடிக்கும். பந்தயத்துக்கு முன்னால் ஓட்டுநர்கள் ஊர்வலமாக ஊருக்குள் வருவது, கார்களை நகரச் சதுக்கத்தில் வைத்து ஜனங்கள் முன்னால் சோதிப்பது, வெற்றியாளர்களின் கைரேகையை வெண்கலத்தில் வார்த்து ஊரின் நடைபாதையில் பதிப்பது. மேடையில் ஷாம்பெயினைப் பீய்ச்சி அடிப்பது உலகம் பூராவும் பரவியதே, அதுவும் இங்கே 1967-இல் டான் கர்னி உற்சாகத்தில் செய்த ஒரு விளையாட்டு. யாரும் திட்டமிட்டு உருவாக்காதது. இப்போது ஐபிஎல் கோப்பை வரை வந்துவிட்டது.

நரேன் கார்த்திகேயன் 2009-இல் இங்கே ஓட்டப் போனார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் பிட் சுவரிலிருந்து குதித்துத் தோள்பட்டை இறங்கிவிட்டது. காரில் ஏறவே இல்லை. மற்ற இருவருமே முழுவதும் ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். ஓடி ஏறும் சடங்கு ஒழிந்து 40 வருஷம் கழித்தும் லே மானில் குதித்த ஒரே கோயம்புத்தூர்க்காரர் என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம். பாசத்தோடுதான். மூன்று வருஷம் கழித்து சென்னையின் கருண் சந்தோக் அதை முடித்துக் காட்டினார், ஆறாவது இடம்.

விஷயத்துக்கு வருகிறேன். லே மானின் பெருமைகளைத் தொகுக்கும் காணொளிகளில் இக்ஸ் நடக்கும் காட்சி தவறாமல் இருக்கும். மரபை எதிர்த்த நடை, மரபின் சின்னமாகிவிட்டது. மெக்கின்டயர் 'ஆஃப்டர் விர்ச்சூ'வில் மரபைப் பற்றிச் சொல்லும் ஒரு கருத்து இதற்கு ஆதரவாக நிற்கிறது: உயிருள்ள மரபு என்பது தன் நோக்கம் என்ன என்று தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே நடத்தும் வாக்குவாதம். அந்தக் கணக்கில் இக்ஸ் மரபை உடைக்கவில்லை, அதற்குள் நின்று பேசினார். 1970-இல் ஓட்டுநர்கள் பெல்ட் மாட்டியபடி காருக்குள் உட்கார்ந்தே கொடிக்காகக் காத்திருந்தார்கள். ஸ்டீவ் மெக்குவீனின் 'லே மான்' படத்தில் அந்தக் காத்திருப்பைப் பார்க்கலாம். 1971-இல் அதுவும் போய், ஓடிக்கொண்டே கிளம்பும் முறை வந்தது. பந்தயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதுவரை எனக்கும் சம்மதம். ஆனால் ஒரு கேள்வி போக மறுக்கிறது. இக்ஸ் ஜெயிக்காமல் போயிருந்தால்?

120 மீட்டர். ஐயாயிரம் கிலோமீட்டரில் 120 மீட்டர். கடைசி மணி நேரத்தில் அவரும் ஹெர்மானும் மாற்றி மாற்றி முந்திக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுற்றில் ஒரு மெதுவான கார் குறுக்கே வந்திருந்தாலும் ஹெர்மான் ஜெயித்திருப்பார். அப்போது இக்ஸின் நடை என்னவாகியிருக்கும்? "இளைஞன் வீம்பு பிடித்து நடந்தான், அந்த நேரத்தாலேயே தோற்றான்" என்று பாடம் சொல்லியிருப்பார்கள். அவர் செய்ததின் சரி தவறு அந்த 120 மீட்டரில் துளிகூட மாறாது. வுல்ஃப் அப்போதும் இறந்திருப்பார். விதி அப்போதும் கவனத்துக்கு அபராதம் போட்டிருக்கும். ஆனால் நமக்கு அது நினைவில் இருந்திருக்காது, அல்லது கேலியாக இருந்திருக்கும்.

ஆகவே நாம் கொண்டாடுவது அவர் நடந்ததையா, நடந்தும் ஜெயித்ததையா? நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் முகம் எந்த இடத்தில் மலர்கிறது என்று கவனித்திருக்கிறேன். நடக்கும்போது புன்னகை. வுல்ஃப் இறக்கும்போது ஒரு "அய்யோ". ஜெயிக்கும்போதுதான் "செம்ம!". நல்லது செய்தவனுக்குக் கடைசியில் நல்லது நடக்கிறது என்ற பழைய கணக்கு நேராகிவிடுகிறது. அந்தக் கணக்கில் வுல்ஃபின் மரணம் நாயகனின் வாதத்தை நிரூபிக்க வந்த ஆதாரமாகச் சுருங்கிவிடுகிறது. அவர் ஒரு தனி அணி ஓட்டுநர். அந்தப் புத்தம்புதிய, இன்னும் யாருக்கும் சரியாக அடங்காத 917-ஐத் தன் சொந்தப் பணத்தில் வாங்கியவர். அவரைப் பற்றி இவ்வளவு சொல்வதுகூடக் கதையின் வேகத்தைக் குறைக்கிறது என்பதை இதைத் தட்டச்சு செய்யும்போதே உணர்கிறேன்.

நடந்து தோற்றவர்களின் கதை நம்மிடம் ஏன் இல்லை? இருந்திருப்பார்கள். 1960-களில் பெல்ட்டை முழுசாக மாட்டிவிட்டுக் கிளம்பி, பதினெட்டாவதாக வந்து, சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனவர் எவரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் கைரேகை நடைபாதையில் இருக்காது.

*

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லா மாற்றமும் நல்லது என்று நான் சொல்வதுபோல் ஆகிவிடும். 1988-இல் ஒரு பிரெஞ்சுக் கார் முல்சான் நேர்ச்சாலையில் மணிக்கு 405 கிலோமீட்டரைத் தொட்டது. 1990-இல் அந்தச் சாலையின் நடுவே இரண்டு வளைவுகளைச் செருகி அதை மூன்று துண்டாக்கினார்கள். மற்ற நாட்களில் லாரியும் காரும் போகிற சாதாரண பொதுச்சாலை அது. பந்தயத்தின்போது மட்டும் மிக நீண்ட நேர்ச்சாலை. இருட்டில் ஒரு நிமிஷம் முழுக்க ஆக்சிலரேட்டரை அழுத்திய காலை எடுக்காமல் இருப்பது எப்படியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்த மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை, உயிர்கள் மிஞ்சியிருக்கும். ஆனால் இங்கே ஒரு நிஜமான இழப்பு இருக்கிறது. அந்தச் சாலை இன்ஜினையும் டயரையும் மனித நரம்பையும் சோதித்தது. அந்தச் சோதனை பந்தயத்தின் உயிருக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடி ஏறுவது போனபோது புகைப்படம் மட்டும்தான் போனது. முல்சான் துண்டானபோது பந்தயத்தின் ஒரு பகுதியே போனது. இரண்டையும் "பாதுகாப்புக்காக மரபை விட்டார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதுகிறவர்கள் இரண்டையும் கவனிக்காதவர்கள். இக்ஸும் இந்த வித்தியாசத்தை அறிந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேர்ச்சாலை வெட்டப்படாத காலத்தில்தான் அவர் இங்கே ஆறு முறை ஜெயித்தார்.

போர்ஷே 2019-இல் முழு மின்சாரக் காரை வெளியிட்டது. அதில் இன்ஜின் இல்லை, திருப்பச் சாவி இல்லை, போட கியரும் இல்லை. கிளப்பும் பொத்தானை மட்டும் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறார்கள்.